ஒரே கோளாறு, இரண்டு வண்டி: அம்பாசடர் மார்க் 2, மாருதி 800

எங்கள் வீட்டுக் கொட்டகையில் இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஒன்று பெரியப்பா விட்டுப்போன 1969 மார்க் 2 அம்பாசடர். மற்றது 1993 மாருதி 800, கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. இரண்டின் உற்பத்தியும் 2014-இல்தான் நின்றது. 800 ஜனவரியில் நின்றது, அம்பாசடர் மே மாதத்தில். ஒன்றாக ரிட்டையர் ஆனதாலோ என்னவோ, இன்றைக்குப் பட்டறையில் இருக்கும் பையன்கள் இரண்டையும் 'பழைய கார்பரேட்டர் வண்டி' என்று ஒரே கணக்கில் வைக்கிறார்கள். ஆனால் அம்பாசடர் 1956-இல் இங்கிலாந்தில் வந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் இந்திய வடிவம். 800 ஜப்பானிய சுசுகியின் சிறு காரிலிருந்து வந்தது. 1983 டிசம்பரில்தான் இங்கே வெளியானது. இடையில் கால் நூற்றாண்டு இருக்கிறது. கோளாறு ஒரே மாதிரி தெரியும், காரணம் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றில் கற்றதை இன்னொன்றில் அப்படியே செய்து நான் கெடுத்தது கொஞ்சநஞ்சம் இல்லை. அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள்

எதற்கும் முன்னால், உள்ளே இருப்பது எந்த இன்ஜின் என்று பாருங்கள். மார்க் 2 என்றால் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-வரிசை 1489 சி.சி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் இருக்க வேண்டும். ஆனால் நம்மூரில் டீசல் இன்ஜின் ஏற்றாத அம்பாசடரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1990-களில் வந்த வண்டிகளில் 1.8 லிட்டர் இசுசு இன்ஜினும் தரை கியரும் இருக்கும். அவற்றுக்கு இங்கே எழுதியிருப்பதில் பாதி பொருந்தாது. 800-இல் இந்தக் குழப்பம் குறைவு. 796 சி.சி., மூன்று சிலிண்டர், குறுக்காக உட்கார்ந்திருக்கும். கார்பரேட்டரா, பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் பிற்காலத்து எம்.பி.எஃப்.ஐ.யா என்று மட்டும் பாருங்கள். நான் சொல்வது கார்பரேட்டர் வண்டிக்கு.

அடுத்தது பேட்டரி. லூகாஸ் மின்சாமான் வைத்த பழைய அம்பாசடர்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். 800-இல் நெகட்டிவ். இது தெரியாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஜம்பர் வயர் போடுவது ஆபத்து. இரண்டு வண்டியின் பம்பர் ஒன்றோடு ஒன்று தொட்டாலே போதும், ஷார்ட் ஆகிவிடும். வண்டிகளைத் தொடாமல் நிறுத்திவிட்டு, பிளஸ்ஸை பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் பேட்டரி முனையிலேயே மாட்டுங்கள். பாடியில் மாட்டும் பழக்கம் இங்கே வேண்டாம். அம்பாசடரில் யாராவது முன்பே எர்த்தை மாற்றியிருக்கலாம். வருடத்தை நம்பாமல் எந்த முனையின் வயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

சாவி திருப்பினால் 'டக்' என்று மட்டும் கேட்கிறது

இரண்டிலும் முதலில் பேட்டரி முனைகளைக் கழற்றிச் சுரண்டி, திரும்ப இறுக்குங்கள். பாதி கேஸ் இங்கேயே முடிந்துவிடும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். விளக்கு சுத்தமாக மங்கினால் பேட்டரியோ முனையோதான்.

விளக்கு நன்றாகவே எரிகிறது, ஆனால் இன்ஜின் சுற்றவில்லை என்றால் வழி பிரிகிறது. அம்பாசடரின் செல்ஃப் மோட்டார் பழைய முறை. சுழலும் வேகத்தில் பல்சக்கரம் தானாக முன்னே ஓடி ஃப்ளைவீல் ரிங்கைப் பிடிக்கும். சில நேரம் பிடித்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டிக்' என்று விடுபடும். தனியாக இருந்தால், மோட்டார் தண்டின் முனையில் சதுரமாக ஒரு பகுதி தெரியும், ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம். அதுவும் ஆகவில்லையென்றால் முன்பக்கம் ஹேண்டில் போடும் ஓட்டை இருக்கிறதே, அதற்காகத்தான். ஒன்று கவனம்: ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் விரல் பிழைக்கும்.

800-இல் பல்சக்கரம் இப்படிச் சிக்குவதில்லை, சாலினாய்டு தள்ளித்தான் பிடிக்கும். ஆட்டிப் பார்ப்பது வீண். ஒரே ஒரு 'டக்' என்றால் சாலினாய்டு உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருக்கும், அல்லது இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டை துருப்பிடித்திருக்கும். 'டக் டக் டக்' என்று படபடத்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை.

செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை

தீப்பொறியா, பெட்ரோலா? இரண்டு வண்டிக்கும் கேள்வி இதுதான்.

அம்பாசடரில் தீப்பொறியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு பிளக் வயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, இன்ஜின் இரும்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகச் சொடுக்கினால் சரி. மஞ்சளாக, மெலிதாக வந்தால் பாயிண்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் காண்டாக்ட்) அல்லது அதோடு இருக்கும் கண்டன்சர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட்டைப் பாருங்கள். கருத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஃபீலர் கேஜில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். வழியில் கேஜ் இல்லையென்றால் விசிட்டிங் கார்டு. பெரியப்பா சட்டைப்பையில் யாரோ ஒரு எல்.ஐ.சி. ஏஜென்டின் கார்டு எப்போதும் இருக்கும். பாலிசி எடுத்தாரோ இல்லையோ, பாயிண்ட் வைக்க அது உதவியது. பாயிண்ட்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, கண்டன்சரையும் சேர்த்து மாற்றுங்கள்.

இதே சோதனையை 800-இல் செய்வதற்கு முன் பாயிண்ட் வண்டியா, எலெக்ட்ரானிக் இக்னிஷனா என்று பாருங்கள். எலெக்ட்ரானிக் என்றால் வயரை அந்தரத்தில் விட்டு செல்ஃப் அடிக்காதீர்கள், மாட்யூல் போய்விடும். ஒரு பழைய பிளக்கை வயரில் மாட்டி, அதன் உடம்பை இன்ஜினோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். வயர்களைக் கழற்றினால் திரும்பப் போடும் வரிசையும் வேறு: அம்பாசடருக்கு 1-3-4-2, 800-க்கு 1-3-2.

தீப்பொறி இருக்கிறதென்றால் பெட்ரோல். அம்பாசடரில் ஏசி பம்பிலிருந்து (ஏசி என்பது கம்பெனிப் பெயர், இது பெட்ரோல் பம்ப்) கார்பரேட்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி பாட்டிலில் விடுங்கள். பல பம்புகளின் அடியில் கையால் அடிக்கும் சின்ன நெம்பு இருக்கும், அடித்தால் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். வரவில்லையென்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும் அல்லது டேங்க்கின் துரு வழியை அடைத்திருக்கும். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் பழைய டயாஃப்ரமும் ரப்பர் ஹோஸும் சீக்கிரம் ஊறிப்போகின்றன. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வண்டிக்கும் இது பொது. எஸ்.யூ. கார்பரேட்டர் மாட்டிய வண்டியானால் மேலே குடம் போல இருக்கும் பகுதியின் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் வற்றினால் வண்டி எடுக்கும், ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தயங்கும்.

தீப்பொறி, பெட்ரோல் இரண்டும் சரியென்றால் அம்பாசடர் எப்படியும் இருமிக்கொண்டாவது எடுத்துவிடும். 800-க்கு இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதை நான் கற்றது ராசிபுரம் ரோட்டில்.

வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு உதறல் இல்லை, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. அம்பாசடர் புத்தியில் பாயிண்ட்டைத் தேய்த்தேன், பிளக்கைக் கழற்றினேன், கார்பரேட்டரைத் தட்டினேன். ஒரு மணி நேரம் போனது. கடைசியில் ஒரு லாரி கிளீனர் வந்து, "செல்ஃப் வழக்கத்தைவிட லேசா சுத்துதே அண்ணா" என்றான். அவன் சொன்னதுதான் அறிகுறி. இன்ஜின் சுற்றுவதற்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. அம்பாசடரில் அந்த வேலையைச் செய்வது இரும்புச் செயின். தேய்ந்தால் மாதக்கணக்கில் முன்பக்கம் கரகரவென்று புலம்பிவிட்டுத்தான் போகும். 800-இல் ரப்பர் பெல்ட். அறுகிற நொடிவரை வாய் திறக்காது. பார்க்கும் வழி எளிது: இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, செல்ஃப் அடிக்கும்போது உள்ளே ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்பு) ஆடுகிறதா என்று எட்டிப் பாருங்கள். ஆடவில்லையென்றால் அதற்குமேல் செல்ஃப் அடிக்காமல் வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள். எந்த வருடம் மாற்றியது என்று தெரியாத பெல்ட்டோடு 800 வாங்கினால், ஓட்டிப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் பெல்ட்டை மாற்றுங்கள்.

வெயிலில் ஓடி, டீ குடிக்க நிறுத்தினேன், மறுபடி எடுக்கவில்லை

அம்பாசடரா? பம்ப் சூடாகி, பெட்ரோல் ஆவியாகி, குழாயில் ஏர் லாக் ஆகியிருக்கிறது. ஈரத்துணியை ஏசி பம்பின் மேல் சுற்றி பத்து நிமிடம் பொறுங்கள். சித்திரை மாத டாக்சிகளில் அந்தத் துணி நிரந்தரமாகவே கட்டியிருக்கும். துணி போட்டும் எடுக்கவில்லை, ஆனால் அரைமணியில் தானாக எடுக்கிறது என்றால் காயில் அல்லது கண்டன்சர் சூட்டில் படுக்கிறது. சூடாக இருக்கும்போதே தீப்பொறியைப் பார்த்தால்தான் பிடிபடும், ஆறிய பிறகு எல்லாம் நல்லபிள்ளையாக இருக்கும்.

800-இல் ஏர் லாக் அரிது. சூட்டில் எடுக்காமல் பெட்ரோல் வாசம் தூக்கினால் கார்பரேட்டர் நிரம்பி வழிந்திருக்கிறது. சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள்.

சூடு ஏறுகிறது

இதில்தான் இரண்டின் குணமும் நன்றாகத் தெரியும். இரண்டையும் காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏற்றியிருக்கிறேன், எழுபது கொண்டை ஊசி வளைவு. அம்பாசடர் பாதியில் ஒருமுறை நின்று தண்ணீர் கேட்கும். 800 கேட்காமல் ஏறிவிட்டது, ஆனால் மேலே செம்மேட்டில் கூட்டத்தில் நின்றபோது முள் சிவப்பைத் தொட்டது.

காரணம் ஃபேன். அம்பாசடரின் ஃபேனை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் டைனமோவையும் சுற்றுகிறது. அதனால் சூடு ஏறுவதோடு சிவப்புச் சார்ஜ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, பெல்ட் அறுந்தது அல்லது வழுக்குகிறது. விளக்கு எரியவில்லை, ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிறது என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, இல்லையென்றால் தீப்பொறி விழும் நேரம் (டைமிங்) பின்தங்கியிருக்கிறது. ஐம்பது வருடம் போர்த்தண்ணீர் குடித்த ரேடியேட்டர் எப்படி இருக்கும்? ஆறியிருக்கும்போது கழற்றி, தலைகீழாக வைத்து, கீழ்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துப் பாருங்கள். வருகிற சேறே பதில் சொல்லும்.

800-இன் ஃபேனுக்குத் தனி மின்மோட்டார். வண்டி ஓடும்போது காற்றே போதும், ஃபேன் செத்திருந்தால்கூடத் தெரியாது. நெரிசலில் நின்றால்தான் தெரியும். ஆக, ஹைவேயில் சூடு இல்லை, சிக்னலில் ஏறுகிறது என்றால் ஃபேனைப் பாருங்கள். ஃப்யூஸ் சரியா? மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, தெர்மோ சுவிட்ச்தான் போயிருக்கிறது. சுற்றவில்லையென்றால் மோட்டார்.

இப்போது முக்கியமானது. கொதிக்கிற அம்பாசடரை அடுத்த ஊர் வரை உருட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, திட்டு வாங்கிக்கொண்டு தாங்கும். 800-இன் ஹெட் அலுமினியம். முள் சிவப்பில் இருக்க இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட் வளைந்து கேஸ்கட் போய்விடும். உடனே நிறுத்துங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அதே அலுமினியத்துக்காகத்தான் 800-இல் வெறும் தண்ணீர் கூடாது என்பதும், உள்ளே அரித்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் டீ நிறத்தில் நுரைத்து வந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. இது எந்த வண்டியானாலும் ஓட்டக் கூடாது.

சார்ஜ் விளக்கு மினுக்குகிறது

டைனமோ வைத்த அம்பாசடரில், ஐடிலில் மினுக்கி, வேகம் எடுத்ததும் அணைந்தால் அது கோளாறே இல்லை. டைனமோ மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் கொடுக்காது. 800-இல் ஆல்டர்னேட்டர், ஐடிலிலும் அணைந்தே இருக்க வேண்டும். மினுக்கினால் பெல்ட், கார்பன் பிரஷ் என்று பாருங்கள்.

டாப்பட் சத்தம் கூடியது, குறைந்தது

அம்பாசடரில் தையல் மிஷின் போல ஒரு 'டிக் டிக்' இருக்கத்தான் செய்யும். கூடினால் பயமில்லை, 0.015 அங்குலத்துக்கு டாப்பட், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலான இடைவெளி, வைத்தால் சரியாகிவிடும். சத்தம் தானாகக் குறைந்தால்தான் நான் பயப்படுவேன். 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றுபோனது. அந்தக் காலத்து ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தைக் காப்பாற்றியது அந்த ஈயம்தான். அது இல்லாமல் எக்சாஸ்ட் வால்வு மெல்ல மெல்ல இரும்புக்குள் இறங்குகிறது, டாப்பட் இடைவெளி மூடிக்கொள்கிறது, சத்தம் அடங்குகிறது. கொஞ்ச நாளில் கம்ப்ரஷன் போய், சூட்டில் எடுக்க மறுக்கும். டாப்பட்டை அடிக்கடி தளர்த்த வேண்டியிருந்தால் ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் கடினமான வால்வு சீட் போடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதுவாக ஓட்டுகிற வண்டிக்கு அவசரம் இல்லை.

ஆயில் சொட்டுகிறது

அம்பாசடரின் அடியில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் தொங்கும் ஒரு காட்டர் பின்னும் இருக்கும். ஆயில் சொட்டுவதற்கென்றே வைத்த ஓட்டை அது. அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் பின். கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, மரை போல வெட்டிய பள்ளம்தான் ஆயிலைத் திருப்பி அனுப்புகிறது. இன்ஜின் நின்றதும் நாலு சொட்டு விழும். கீழே ஒரு தட்டு வையுங்கள், வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள், அவ்வளவுதான். 'எம்-சீல் போட்டு அடைத்துத் தருகிறேன்' என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள், ஆயில் கிளட்ச் பக்கம் போகும்.

800-இல் ஒரு சொட்டு விழுந்தாலும் தேடுங்கள். முன்பக்க சீல் கசிந்தால் ஆயில் நேராக டைமிங் பெல்ட் மேல் படும். பெல்ட் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பிரேக்

மிதித்தால் பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டு முறை அடித்தால் மேலே வருகிறது. அம்பாசடரில் இது பெரும்பாலும் ஷூ அட்ஜஸ்ட்மென்ட். நான்கும் டிரம், கையால்தான் இறுக்க வேண்டும். ஜாக்கி போட்டு, சக்கரம் நிற்கும்வரை இறுக்கி, சுதந்திரமாகச் சுற்றும் அளவு தளர்த்துங்கள். 800-க்கு முன்னால் டிஸ்க், அதற்கு இறுக்கும் வேலை இல்லை. பின் டிரம்மையும், லைனில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பெடலை மிதித்தபடி வைத்திருக்கும்போது மெல்லக் கீழே இறங்கினால் இரண்டிலும் மாஸ்டர் சிலிண்டர்தான். 800-இல் பிரேக் லைன் இரண்டு பிரிவு, ஒன்று போனாலும் மற்றது கொஞ்சம் பிடிக்கும். பழைய அம்பாசடரில் ஒரே லைன். எங்கே கசிந்தாலும் நான்கும் போச்சு. சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

முன்பக்கச் சத்தம்

ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி எடுக்கும்போது 'டக் டக் டக்' என்றால், 800-இல் ஆக்சில் ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கும். கிழிந்த அன்றே பூட்டை மாற்றியிருந்தால் ஜாயின்ட் பிழைத்திருக்கும். அம்பாசடரில் முன்சக்கரம் இழுப்பதில்லை, அந்த ஜாயின்ட்டே கிடையாது. அங்கே கேட்பது கிறீச் என்ற முனகல். கிரீஸ் கன்னை எடுத்து, ஒவ்வொரு நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். ஒரு நிப்பிள் அடைத்திருந்தால் அதைவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். தேய்வது அந்த இடம்தான்.

கியர் மாட்டிக்கொண்டது

அம்பாசடரில் வண்டி உருளும்போது முதல் கியர் 'கர்ர்' என்றால் அது கோளாறு இல்லை, முதல் கியருக்கு சின்க்ரோ (பற்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுக்க நின்றபின் போடுங்கள். 800-இல் முன் கியர் எதிலும் அந்தச் சத்தம் வரக் கூடாது, வந்தால் கிளட்ச் கேபிளை முதலில் பாருங்கள்.

அம்பாசடரில் ஸ்டியரிங் தண்டோடு இருக்கும் கை கியர் நடுவில் மாட்டிக்கொண்டு எந்தப் பக்கமும் வரவில்லையென்றால், ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் இணைப்புக் கம்பிகளின் புஷ் தேய்ந்து, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, கம்பிகளைக் கையால் நியூட்ரலுக்குத் தள்ளிவிடுங்கள். நாமக்கல் பஸ் ஸ்டாண்ட் முன்னால், பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இதை அரை நிமிடத்தில் செய்வார். எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் ஆகிறது. புஷ் மாற்றிவிடுங்கள்.